ஹீமோலைஸ்டு என்று எழுதியிருந்த பொட்டாசியம்: ஒரு கேஸும் ஒரு தேர்வுத் தயாரிப்பும்

குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பியியலில் இறுதித் தேர்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தபோது வந்த குழந்தை இவன். அந்த வாரம்தான் சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் பாடத்தை முடித்திருந்தேன். கேள்வித் தொகுப்பில் அந்தப் பகுதிக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கி, அட்டவணையில் பச்சை டிக் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்து அதே நோய் கட்டிலில் வந்து படுத்தது. அவன் வந்து ஐம்பது நிமிடம் கழித்துத்தான் அதன் பெயரைச் சொன்னேன். அந்த ஐம்பது நிமிடம் எங்கே போனது என்று தேடிப் பார்த்ததுதான் இந்த எழுத்து.

குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை. இதே துறைக்குப் படிப்பவராக இருந்தால், ‘இங்கே நிறுத்துங்கள்’ என்று வரும் இடங்களில் கீழ்ப்பகுதியை மறைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனதுக்குள் சொல்லிக்கொள்வது கணக்கில் வராது. மருந்து என்றால் எத்தனை மில்லி என்பது வரை எழுத வேண்டும்.

வந்த கதை

பதினாறு நாள் ஆண் குழந்தை. நிறைமாதம், சுகப்பிரசவம், பிறந்த எடை 3 கிலோ. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஒன்பதாம் நாளிலிருந்து பால் கக்கல். பன்னிரண்டாம் நாள் அருகிலிருந்த கிளினிக்கில் எதுக்களிப்பு என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பதினாலாம் நாள் துவண்டுபோனதால் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கிருமித்தொற்றாக இருக்கும் என்று ஆன்டிபயாடிக் போயிருக்கிறது. தொற்று இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. சோதனை நெகட்டிவ். பதினாறாம் நாள் இரவு 9.40க்கு எங்களிடம் வந்தான்.

கையில் ஒரு லேப் தாள். சோடியம் 121, குறைவு. பொட்டாசியம் 7.4, மிக அதிகம். பொட்டாசியத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ‘சாம்பிள் ஹீமோலைஸ்டு, ரிப்பீட்’ என்று எழுதியிருந்தது. மாதிரியில் சிவப்பணு உடைந்துவிட்டது, மறுபடி எடுங்கள் என்று பொருள். ரிப்பீட் எடுத்ததாக எங்கும் இல்லை.

எடை 2.55 கிலோ. பிறந்த எடையில் பதினைந்து சதவீதம் போயிருக்கிறது. கை கால் சில்லென்று இருந்தது. நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தால் சிவப்பு திரும்ப ஐந்து விநாடி. இதயத்துடிப்பு 178, ரத்த அழுத்தம் 52/30. குளுக்கோமீட்டரில் 48. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. ஆனால் டயப்பர் கனமாக ஈரம். இவ்வளவு வறண்ட குழந்தை சிறுநீரைச் சிக்கனமாகத்தான் போகவேண்டும். இவன் தாராளமாகப் போயிருந்தான். அந்த டயப்பரை நர்ஸ் எடுத்துப் போட்டதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

இங்கே நிறுத்துங்கள். வேறுபடுத்திப் பார்க்கவேண்டிய நோய்கள் நாலு, முதல் பத்து நிமிட வேலை, எடுக்கவேண்டிய ரத்தம், எந்தக் குழாயில் எவ்வளவு.

ஐம்பது நிமிடம்

9.50க்கு நான் வார்டுக்கு வந்தபோது பி.ஜி. (முதுநிலை மாணவர்) ஊசிக்குழாய் போட்டு 0.9 சதவீத சலைன் கிலோவுக்கு 20 மில்லி கணக்கில், அதாவது 51 மில்லி, தள்ளிக்கொண்டிருந்தார். பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 5 மில்லி போயிருந்தது. சரியான வேலை. 10.05க்கு ரத்தவாயு இயந்திரம் சொன்னது: பி.எச். 7.24, பைகார்பனேட் 13, சோடியம் 116, பொட்டாசியம் 8.1.

நான் சொன்ன வார்த்தை: “குதிகால் சாம்பிளா? ஹீமோலைஸ் ஆகியிருக்கும். ரிப்பீட் பண்ணுங்க.”

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. குதிகாலைப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் ஏறிக் காட்டும். ரத்தவாயு இயந்திரம் முழு ரத்தத்தை அப்படியே அளப்பதால் அணு உடைந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியவும் தெரியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் அணு உடைந்ததால் சோடியம் 116க்கு இறங்காது. பொட்டாசியத்தைச் சந்தேகப்பட்டேன், சரி. பக்கத்திலிருந்த சோடியத்தைச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. இரண்டு நாள் இடைவெளியில், இரண்டு இடத்தில், இரண்டு இயந்திரத்தில் ஒரே ஜோடி வந்திருக்கிறது. மேலே மானிட்டரில், இதயத்துடிப்பின் கோட்டில், டி அலை கூடாரம்போல நிமிர்ந்து நின்றது. பொட்டாசியம் உண்மையிலேயே ஏறியதன் அடையாளம். அது யாருடைய குதிகாலிலும் எடுத்ததல்ல.

அடுத்த கால்மணி நேரம் நரம்பு தேடுவதில் போனது. அப்போதுதான் கதவோரம் நின்ற பாட்டி சொன்னார்: “டாக்டரம்மா, மூத்ததும் இப்படித்தான் பாலக் கக்கிக் கக்கியே பதினெட்டாம் நாள் போச்சு. அதுவும் ஆம்பளப் புள்ளதான்.”

“அப்போ என்னன்னு சொன்னாங்க, பாட்டி?”

“கிருமின்னாங்க. அப்பவும் இதே பேச்சுத்தான்.”

பெற்றோர் உறவுமுறை கேட்டேன். சொந்தத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ரெஃபர் கடிதத்தில் ‘இரண்டாவது குழந்தை’ என்று மட்டும் இருந்தது. முதல் குழந்தை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் அரைமணி நேரமாகக் கேட்கவில்லை.

டயப்பரைத் திறந்து விளக்கைத் திருப்பினேன். விதைப்பை உடம்பின் நிறத்தைவிட நன்றாகவே கறுத்திருந்தது. முலைக்காம்பைச் சுற்றியும் அப்படியே. அப்பா, “எங்க வீட்ல எல்லாருமே கறுப்புதான் மேடம்” என்றார். மாநிறத்துக்கு மேல் போனாலே கருமை ஒரு தடயமாக இருப்பதில்லை. அவர்களுடைய தோலோடு ஒப்பிட்டுத்தான் சொல்லவேண்டும். ஈறைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் நீலக்கறுப்பு. பிறகு இரண்டு விதையையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் பையில் இருந்தன. இந்தத் தொடுதலை விடக்கூடாது. ‘ஆண்’ என்று எழுதி அனுப்பப்பட்டு, விதை எதுவும் கைக்குத் தட்டுப்படாத குழந்தை, ஆண்தன்மை மிகையாக ஏறிய பெண் குழந்தையாக இருக்கலாம். அதை மறுக்கும்வரை அப்படித்தான் நினைக்கவேண்டும்.

10.30க்கு நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 7.9. அப்போதுதான் நான் வாய்விட்டுச் சொன்னேன்: உப்பு இழக்கும் வகைப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. அட்ரினலால் கார்ட்டிசோலையும், உப்பைப் பிடித்துவைக்கும் அல்டோஸ்டிரோனையும் செய்ய முடியாமல், ஆண் ஹார்மோன் மட்டும் மிகையாக ஏறும் பரம்பரை நோய்.

இதே நோய்க்கு ஒரு பழைய கதை உண்டு. 1865இல் நேப்பிள்ஸில் லூய்ஜி தெ க்ரெக்கியோ என்ற உடற்கூற்றியலாளர், ஆணாகவே வாழ்ந்து இறந்த ஒருவரின் உடலைத் திறந்தபோது உள்ளே கருப்பையும் சினைப்பையும், மிகப் பெரிதாகிவிட்ட அட்ரினல் சுரப்பிகளும் இருப்பதைக் கண்டார். வாந்தியும் பேதியும் சோர்வுமாகப் போன உயிர் அது. பாடமெடுப்பவர்கள் பெரும்பாலும் பாலினப் பகுதியைச் சொல்லிவிட்டு அந்த வாந்தியை விட்டுவிடுவார்கள். மூன்று பேருமே, இவன், இவன் அண்ணன், அந்த நேப்பிள்ஸ்காரர், ஒரே வழியில் போகப் பார்த்தவர்கள்.

சிகிச்சை, மில்லி கணக்கில்

இங்கே நிறுத்துங்கள். கார்ட்டிசோலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஸ்டெராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் வயல் 100 மி.கி., 2 மில்லி நீரில் கரைக்கப்பட்டிருக்கிறது. எத்தனை மில்லி ஏற்றுவீர்கள்?

உடல் மேற்பரப்பு: நீளம் 50 செ.மீ., எடை 2.55 கிலோ. பெருக்கி 3600ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.188. சுமார் 0.19 சதுர மீட்டர். நெருக்கடி டோஸ் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 மி.கி. என்றால் இவனுக்குப் பத்திலிருந்து பத்தொன்பது மி.கி. வருகிறது. நடைமுறையில் மூன்று வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் 25 மி.கி. என்று ஒரே எண்ணை மனதில் வைத்திருக்கிறோம். மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 50, அதற்கு மேல் 100. அரை மில்லி ஏற்றினேன். “பத்தொன்பதுக்குப் பதில் இருபத்தைந்து கொடுத்தாயே” என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் பதில் இதுதான்: ஒரு வேளை ஸ்டெராய்டு கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் சதுர மீட்டருக்குக் கால்குலேட்டர் தேடினால் ஆகும்.

அந்த ஊசிக்கு முன்னால் எடுக்கவேண்டிய ரத்தத்தை எடுத்துவிட்டோம். கார்ட்டிசோலுக்கும், இந்த நோயில் தேங்கி ஏறும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரானுக்கும் (17-ஓ.எச்.பி.) சாதாரணக் குழாய், அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச்.சுக்கும் உப்பு குறைந்தால் ஏறும் ரெனினுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாய், ஏ.சி.டி.எச். ஐஸில். எல்லாம் சேர்த்து 3 மில்லி. ரத்தம் கிடைக்கவில்லை என்றால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. மறுநாள் பார்த்தாலும் இந்த நோயில் 17-ஓ.எச்.பி. உச்சத்திலிருந்து ஒரேயடியாகக் கீழே வந்துவிடாது.

பொட்டாசியத்துக்கு: மானிட்டர் பார்த்துக்கொண்டே பத்து சதவீத கால்சியம் குளுக்கோனேட் கிலோவுக்கு அரை மில்லி வீதம் 1.3 மில்லி, மெதுவாக. சால்பியூட்டமால் நெபுலைசர். பி.ஜி. இன்சுலினும் குளுக்கோஸும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். கேள்வித் தொகுப்பு அதைச் சரியான விடைகளில் ஒன்றாகக் காட்டும். கார்ட்டிசோல் இல்லாத, ஏற்கெனவே சர்க்கரை 48க்கு வந்துவிட்ட குழந்தைக்கு இன்சுலின் என்றால் எனக்குக் கை நடுங்கும். சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனும் போனால் பொட்டாசியம் தானே இறங்கும் என்று காத்திருந்தோம். இறங்கியது. மறுநாள் இரவு 5.4.

பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மி.கி. வீதம் ஹைட்ரோகார்ட்டிசோன். ஒரு நாளைக்கு 20 மி.கி., சதுர மீட்டருக்குச் சுமார் 100. இந்த அளவில் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கே உப்பைப் பிடித்துவைக்கும் வேலை போதுமான அளவு இருக்கிறது. அதனால் முதல் நாளே அந்த வேலைக்கென்றே உள்ள ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் மாத்திரையைத் தேடி மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பவேண்டியதில்லை. டெக்ஸாமெத்தசோனுக்கு இந்த உப்பு வேலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதை மட்டும் போட்டுவிட்டு ஸ்டெராய்டு கொடுத்தாயிற்று என்று இருக்க முடியாது.

சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றவில்லை. ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சினால் பத்து மில்லிமோலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். 116, மறுநாள் 124, அதற்கு மறுநாள் 131. நாலாம் நாள் பாலாடையில் பால் குடித்தான்.

நூறு மடங்கு மாறும் யூனிட்

ஆறாம் நாள் லேப் ரிப்போர்ட் வந்தது. கார்ட்டிசோல் 3.2 மைக்ரோகிராம். அதிர்ச்சியில் இருக்கும் குழந்தைக்கு இது மிகக் குறைவு. ரெனின் மேல் எல்லையைத் தாண்டி. 17-ஓ.எச்.பி. 246.

பி.ஜி. முகம் வாடிவிட்டது. “மேடம், பத்தாயிரத்துக்கு மேல இருக்கணும்னு படிச்சோமே?” யூனிட்டைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம். நாம் படித்த பத்தாயிரம் டெசிலிட்டருக்கு. நூறால் பெருக்கினால் 24,600. சில புத்தகங்கள் நானோமோலில் பேசும், அதில் பத்தாயிரம் என்பது சுமார் 300. இந்த மூன்று யூனிட்டையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டினேன். இந்தத் துறையில் மனப்பாடம் செய்ய வேண்டியவை என்று நான் ஒப்புக்கொள்ளும் கொஞ்ச விஷயங்களில் அது ஒன்று.

இதோடு விடை முடிந்துவிட்டதா? தேர்வில் முடிந்துவிடும். எனக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. ஒருவேளை 17-ஓ.எச்.பி. குறைவாக வந்திருந்தால்?

இறந்த அண்ணன் ஆண். இவனும் ஆண். உறவில் திருமணம் என்றதும் இருபக்கமிருந்தும் வரும் ஒடுங்கு மரபணு என்று நாம் தாவிவிடுகிறோம். ஆனால் அண்ணனும் தம்பியும் மட்டுமே பாதிக்கப்பட்டால் எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து வருவதும் அதே அளவு பொருந்தும். பிறவியிலேயே அட்ரினல் வளராமல் போகும் நோய் அப்படி வருவது. டாக்ஸ்-1 என்று பழைய பெயரில் இன்னும் நாம் அழைக்கும் மரபணு. அதிலும் கறுத்த தோல், உப்பு இழப்பு, சாதாரண ஆண் உறுப்பு. கட்டிலருகில் இரண்டையும் பிரிக்க முடியாது. 17-ஓ.எச்.பி.தான் பிரிக்கும். கேட்கவேண்டிய குடும்பக் கேள்வியும் ஒன்று உண்டு: தாயின் சகோதரர்களில், தாயின் அம்மாவுடைய சகோதரர்களில் சிசுவாக இறந்த ஆண்கள் உண்டா? பாட்டியிடம் கேட்டேன். இல்லை என்றார்.

மற்றவை வேகமாக விலகிவிடும். வயிற்று வாசல் இறுகும் பைலோரிக் ஸ்டெனோசிஸில் அமிலம் வாந்தியாகப் போய்விடுவதால் ரத்தம் காரமாகும், பொட்டாசியம் குறையும். இங்கே எல்லாமே தலைகீழ். சிறுநீர்ப் பாதை அடைப்பும் தொற்றும் சேர்ந்தால் அல்டோஸ்டிரோனைச் சிறுநீரகம் மதிக்காமல் போய் இதே எண்கள் வரும், ஆனால் கார்ட்டிசோல் நன்றாக இருக்கும், தோல் கறுக்காது. அதனால் சிறுநீர் கல்ச்சரும் ஸ்கேனும் இல்லாமல் இந்த நோயாளியை ‘முடித்துவிட்டேன்’ என்று வைவாவில் சொல்லாதீர்கள்.

மரபணுச் சோதனை பற்றி ஒரு வரி. பாதிக்கப்படும் சி.ஒய்.பி.21ஏ2 மரபணுவுக்குப் பக்கத்திலேயே, புரதத்துக்கான குறிப்பு இருக்கும் பகுதிகளில் (எக்ஸான்களில்) 98 சதவீதம் அதைப்போலவே இருக்கும் ஒரு செயலற்ற போலி மரபணு உட்கார்ந்திருக்கிறது. எல்லா எக்ஸான்களையும் ஒன்றாகப் படிக்கும் சாதாரண எக்ஸோம் சோதனை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். நெகட்டிவ் என்று வந்தால் நம்பிவிடாமல், இந்த மரபணுவுக்கென்றே செய்யும் சோதனை கேட்கவேண்டும்.

வீட்டுக்கு அனுப்புதல்

இந்தப் பகுதியை எந்தக் கேள்வித் தொகுப்பும் சரியாகக் கேட்பதில்லை. வைவா வாத்தியார்கள் கேட்பார்கள்.

சுரப்பி செய்யாததை மாத்திரை செய்யவேண்டும். இங்கே கிடைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை 5 மி.கி. கால் மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை. மொத்தம் 3.75 மி.கி. வீட்டுக்குப் போகும் நாளில் எடை 2.8 கிலோ, சதுர மீட்டருக்கு 19 மி.கி. பக்கம். நிலையான டோஸ் பத்திலிருந்து பதினைந்துதான் என்றாலும், ஆண் ஹார்மோன் ஏறி நிற்கும் முதல் வாரங்களில் இருபதுக்குள் வைத்துத் தொடங்கலாம், அதற்கு மேல் கூடாது. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குழந்தை வளர வளர மாத்திரை மாறாமலேயே டோஸ் இறங்கிவிடும். மூன்றாம் மாதம் இவன் எடை 5.6 கிலோ, நீளம் 59. மேற்பரப்பு 0.3. அதே கால் மாத்திரை இப்போது சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரைக்குச் சற்றுக் குறைவு.

எப்படிக் கொடுப்பது? மாதிரி வைவாவில் என்னைக் கேட்டார்கள். “மாத்திரையை 5 மில்லி தண்ணீரில் கரைத்து ஒண்ணேகால் மில்லி கொடுக்கணும்” என்றேன். கேட்டவர் எழுந்துபோய் ஒரு மாத்திரையைப் பொடித்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மேசையில் வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைப் பொடி அடியில் படிந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மேலாக உறிஞ்சினால் மருந்தில்லாத தண்ணீர், அடியிலிருந்து உறிஞ்சினால் நாலு வேளை மருந்து. அதனால் கால் துண்டை அவ்வப்போது பொடித்து, பாலாடையில் சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து, முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதே பாலாடையில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிக் கழுவிக் கொடுக்கவேண்டும். அம்மாவிடம் என் முன்னால் ஒருமுறை செய்யச் சொன்னேன். முதல் தடவை பொடியில் பாதி அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் 0.1 மி.கி., ஒரு வேளை. அப்புறம் உப்பு. முதல் வருடம் தாய்ப்பாலில் இருக்கும் சோடியம் இவனுக்குப் போதாது, சிறுநீரகமும் ஃப்ளுட்ரோ சொல்வதை இன்னும் சரியாகக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு 1 கிராம், அதாவது 17 மில்லிமோல் சோடியம். “ஒரு டீஸ்பூன்” என்று சொன்னால் அது ஐந்தாறு கிராம். கல்லுப்பா தூளுப்பா என்பதைப் பொறுத்து இன்னும் மாறும். மருந்தகத்தில் கால் கிராம் பொட்டலங்களாக நிறுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். பாட்டி கேட்டார், “பச்சப் புள்ளைக்கு உப்பு குடுக்கலாமாம்மா? ஒரு வயசு வரைக்கும் ஆகாதுன்னுதானே சொல்லுவாங்க?” பொதுவாக அவர் சொன்னது சரி. இவனுக்கு உப்பும் ஒரு மருந்து என்பதை அவருக்குப் புரியவைப்பது மருந்துச்சீட்டு எழுதுவதைவிட முக்கியமான வேலையாக இருந்தது. அவர் நம்பவில்லை என்றால் அந்தப் பொட்டலங்கள் அடுப்படியில்தான் கிடக்கும்.

காய்ச்சல் 38.5 டிகிரி தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோன் மூன்று மடங்கு. வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் தொடையில் 25 மி.கி. ஊசி, உடனே மருத்துவமனை. ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம். அதில் முதல் வரி, ‘இந்தக் குழந்தைக்குப் பொட்டாசியம் கூடியிருந்தால் அது உண்மை’.

1950 வரை இதெல்லாம் கிடையாது. பால்டிமோரில் லாசன் வில்கின்ஸ் அந்த வருடம் கார்ட்டிசோன் கொடுத்து இந்த நோயை அடக்கிக் காட்டும்வரை, சிலருக்கு உப்புத் தண்ணீரால் நாட்களை நீட்ட முடிந்தது, அவ்வளவே. இன்று அதைப் பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் வைத்தே கண்டுபிடிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது 5762 பேருக்கு ஒருவர் என்று வந்தது. சென்னை மையத்தில் மட்டும் 2036க்கு ஒருவர். உறவுக்குள் கட்டிக்கொள்ளும் நம் ஊரில் அந்த எண் ஆச்சரியமில்லை. நாடு முழுக்க எல்லாக் குழந்தைக்குமான சோதனை இன்னும் இல்லை. பெண் குழந்தை உறுப்பைப் பார்த்தாவது சந்தேகத்துக்கு வரும். ஆண் குழந்தைக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

படிப்புக்குத் திரும்பி

எண்பத்தெட்டு மதிப்பெண்ணுக்கு என்ன ஆயிற்று? கேள்வித் தொகுப்பைத் திரும்ப எடுத்து அந்தக் கேள்வியையே பார்த்தேன். ‘இரண்டு வார ஆண் குழந்தை, வாந்தி, எடைக்குறைவு, விதைப்பையில் கருமை, சோடியம் 118, பொட்டாசியம் 7.8.’ கருமையை யாரோ ஏற்கெனவே பார்த்து எழுதிவிட்டார்கள். பொட்டாசியம் உண்மையா என்ற சந்தேகத்தை யாரோ ஏற்கெனவே தீர்த்துவிட்டார்கள். அப்பாவின் ‘எங்க வீட்ல எல்லாரும் கறுப்பு’ அதில் இல்லை. கீழே ஐந்து விடைகள், அதில் ஒன்று ஹைட்ரோகார்ட்டிசோன். சமைத்து, ஆறவைத்து, பிசைந்து கையில் கொடுத்த சோறு. நான் செய்தது விழுங்கியது மட்டும்தான்.

கேள்வித் தொகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வில் அந்த வகைக் கேள்விதான் வரும், வேகம் பழகியே ஆகவேண்டும். 2006இல் ரோடிகர், கார்பிகே இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று படிப்புமுறை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வது. படித்ததையே மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். கேள்வித் தொகுப்பைப் போட்டதால் நான் இரண்டாவது கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தில் ஒன்றை அடையாளம் காண்பது நினைவிலிருந்து எழுதுவது ஆகாது.

அதன்பிறகு மாற்றியது அதிகமில்லை. மூன்று பேர் சேர்ந்துகொண்டோம். வாரம் இரண்டு இரவு, ஒன்பதரைக்கு வீடியோ அழைப்பு. ஒருவர் தன் வார்டில் வந்த ஒரு குழந்தையை வந்த வரிசையிலேயே, ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் வாசிப்பார். மற்ற இருவரும் ஒவ்வொரு வரிக்கும் பிறகு எழுதுவோம்: இப்போது என்ன நினைக்கிறேன், என்ன செய்கிறேன், எத்தனை மில்லி. தப்பான தடயமும் உள்ளே இருக்கவேண்டும் என்பது விதி. ரெஃபர் கடிதத்தில் இருந்த தவறான நோய்ப்பெயரை எடுத்துவிடக் கூடாது. ஒரு கேஸுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நாற்பது கேள்வி போட்டிருக்கலாமே என்று இரண்டாவது வாரமே ஒருத்தி கழன்றுகொள்ளப் பார்த்தாள். நீரிழிவு அமில நிலைக் குழந்தை ஒன்றுக்கு சேர்க்கவேண்டிய பொட்டாசியத்தைச் சேர்க்காத ட்ரிப்பைத் தன் கையெழுத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டாள்.

தவறுகளை ஒரு நோட்டில் எழுதினேன். முதலில் பாடவாரியாகப் பிரித்தேன்: தைராய்டு, அட்ரினல், வளர்ச்சி, எலும்பு. அதனால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எதனால் தவறு என்று பிரித்தேன். தெரியாதது, தெரிந்தும் சமயத்தில் வராதது, கணக்கு, யூனிட், கேட்க மறந்தது. இரண்டு மாதம் கழித்து எண்ணினால் ‘தெரியாதது’ பக்கம்தான் எல்லாவற்றிலும் மெலிந்திருந்தது. ‘கேட்க மறந்தது’ பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அதில் முதல் பதிவு, ‘மூத்த குழந்தை எங்கே?’ இனிமேல் இன்னொரு புத்தகம் வாங்குவதில் பயனில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வாங்கிவைத்திருந்த இரண்டை விற்றும்விட்டேன்.

தேர்வில் இந்தக் கேஸ் வரவில்லை. ஒரு நோயாளியை முழுக்கப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸாக எனக்கு வந்தது, வளர்த்தி குன்றும் குரோமோசோம் கோளாறான டர்னர் நோய்க்குறி உள்ள பதினோரு வயதுப் பெண். வளர்ச்சி ஹார்மோன் டோஸைக் கேட்டுவிட்டு, அந்த ஊசிப் பேனாவைக் கரண்ட் இல்லாத வீட்டில் எங்கே வைப்பார்கள் என்று கேட்டார்கள். கட்டிலருகில் அந்த அம்மாவிடம் அதையும் கேட்டிருந்தேன். பக்கத்துத் தெருப் பால் பூத் ஃபிரிட்ஜில் என்று சொல்லியிருந்தார்.

இந்தக் குழந்தையின் கதையை இப்போது புதிதாக வரும் பி.ஜி.க்களுக்கு ஒற்றைத் தாளில், ஏழு மடிப்பாக மடித்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு மடிப்பாகத் திறக்கவேண்டும். போன மாதம் நாலு பேர் உட்கார்ந்தார்கள். இரண்டாவது மடிப்பில் பொட்டாசியம் 7.4, சாம்பிள் ஹீமோலைஸ்டு என்று இருக்கும். மூன்று பேர் ‘ரிப்பீட்’ என்று எழுதினார்கள். நாலாவது பையன் எதுவும் எழுதாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னப்பா தேடுகிறாய் என்றேன்.

“சோடியமும் ஹீமோலைஸ் ஆகுமா மேடம்?” என்று கேட்டான்.